இரக்கத்துக்கு ஒரு லிஸ்டு

ஒரகடம்
14-11-1991, வியாழன்

அன்பு மகன் நிலவனுக்கு அம்மா எழுதுறது. கர்த்தர் கிருபையால நான் இங்க நல்லா இருக்கேன், முட்டி வலி மட்டும் கிருபைக்குள்ள வராம தனியா நிக்குது. நீயும் மருமகளும் என் பேரன் பகலவனும் அங்க பிலாய்ல சுகமா இருக்கணும்னு தினம் முட்டி போட்டு ஜெபம் பண்றேன், வலிக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். நீ அனுப்பின போட்டோ வந்துது. பையன் ஸ்டூல் மேல ஏறி நிக்கிற நிப்பைப் பாத்தா மூணு வயசுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க, தாசில்தார் மாதிரி நிக்கிறான். மூக்கு நம்ம வூட்டு மூக்கு, மருமக கோவிச்சுக்காம இருக்கணும், கண்ணு வேணா அவங்க வூட்டுதுன்னு வெச்சுக்கலாம். படப்பை பஸ்ஸுல பக்கத்துல உக்காந்த ஒரு அம்மாளுக்குக்கூட காட்டினேன். அவங்க கேக்கல, நானாத்தான் காட்டினேன். நேர்ல பாக்காத பேரனை போட்டோவுலயாவது நாலு பேருக்குக் காட்ட வேணாமா. வாலாஜாபாத்ல உங்கக்கா சுகம், அவ பொண்ணு ஷாரோன் பத்தாவது வந்துட்டா, இங்கிலீஷ்ல பேசறதா நினைச்சுக்கினு எதையோ பேசறா. ஆடு ரெண்டு குட்டி போட்டுது. மழை நல்லாப் பெய்யுது, கூரையில ஒரு இடம்தான் ஒழுகுது, அங்க குண்டான் வெச்சுட்டேன். இப்ப விஷயத்துக்கு வரேன். இந்தக் கடுதாசி மில்லு மேஸ்திரி மண்ணாங்கட்டியைப் பத்தினது. பேரைப் பாத்ததும் மடிச்சு வெச்சுடாத, கடைசி வரைக்கும் படி.

போன ஆவணியில மண்ணாங்கட்டிக்குக் கை கால் விழுந்துடுச்சு. வலது பக்கம் பூரா. வாய் மட்டும் விழல, அது எப்பவும் விழாது. பொண்சாதி செத்து எத்தனையோ வருஷம் ஆச்சு, ரைஸ் மில்லுக்காரங்க ஒரு மாசம் பாத்துட்டு இனிமே வராதேன்னுட்டாங்க, தாம்பரத்துல இருக்கிற மகன் சொந்த ஊராச்சேன்னு ஒரு வேன்ல கொண்டாந்து நம்ம சர்ச்சுக்குப் பின்னால ராப்பள்ளிக்கூடம் நடந்த ரூமுல இறக்கிப் போட்டுட்டு, வேன்காரன் அவசரப்படுத்தறான்னு சொல்லிட்டு அதே வேன்ல போயிட்டான். அந்த வாரம் பாத்து நம்ம சர்ச்சுல மூணு நாள் ஸ்பெஷல் கூட்டம். மெட்ராஸ்ல இருந்து ஒரு பிரசங்கியார் வந்தாரு. மூணு நாளும் இரக்கம், இரக்கம், இரக்கம்தான். பொய் சொல்லக் கூடாது, நல்லாத்தான் பேசினாரு, எனக்கே கண்ணு கலங்கிச்சு. அவர் பேசிக்கினு இருக்கறப்ப பின்னால ரூமுல இருந்து மண்ணாங்கட்டி தண்ணி தண்ணின்னு கத்தறது கேட்டுது. கமிட்டி செயலாளர் அண்ணாதுரை, மைக்கை இன்னும் கொஞ்சம் ஏத்தி வைன்னு ஆளனுப்பினாரு.

கூட்டம் முடிஞ்ச கையோட கமிட்டி கூடி, மண்ணாங்கட்டிதான் கர்த்தர் நமக்குக் குடுத்த வாய்ப்புன்னு முடிவு பண்ணி ஒரு லிஸ்டு போட்டு போர்டுல ஒட்டினாங்க. இன்ன கிழமை இன்ன குடும்பம் சாப்பாடு குடுக்கணும்னு. மேல இரக்கப் பணின்னு பெருசா தலைப்பு, சுத்தி கலர் பேனாவுல பூ. எழுத்து மெர்சி டீச்சரோடது, இப்ப அவங்கதான் மாதர் சங்கத் தலைவி. ஞாயித்துக்கிழமைக்கு மட்டும் யார் பேரும் போடல, அன்னைக்கு எல்லாரும் வருவோமே, யாராவது பாத்துக்கலாம்னு விட்டுட்டாங்க. முதல் ஞாயிறு பதினோரு டிபன் கேரியர் வந்துது. எல்லாரும் பாக்க ஊட்டினாங்க, எல்லாரும் பாக்க அவன் சாப்பிட்டான், சாயங்காலம் யாரும் பாக்காம வயித்தால போச்சு. திங்கக்கிழமை அண்ணாதுரை வூட்டு முறை, அவர் குடும்பத்தோட படப்பையில ப்ளாட் பாக்கப் போயிட்டாரு. செவ்வாய் மெர்சி டீச்சர் ஒரு ரொட்டிப் பாக்கெட்டும் வசனம் அச்சடிச்ச அட்டை ஒண்ணும் ஜன்னல் வழியா உள்ள போட்டுட்டுப் போனாங்க, கிட்டப் போனா அவங்களுக்கு மூச்சு இழுக்குமாம். புதன்கிழமை உபவாச ஜெபம், அதனால அன்னைக்கு லிஸ்டுல ஒண்ணுமே இல்ல, சபை பட்டினி இருந்தா அவனும் இருக்க வேண்டியதுதானே. வியாழக்கிழமைக்கு நேரா யார் பேர் தெரியுமா. செல்லம்மாள். நான் அஞ்சாங்கிளாஸ் படிச்சவ, என் பேரை எந்தக் கலர்ல எழுதினாலும் கண்டுபிடிச்சுடுவேன். ரெண்டு தரம் படிச்சுட்டு டீச்சர்கிட்டப் போய் என் பேரை யார் போட்டதுன்னு கேட்டேன். சபைப் பதிவேட்டைப் பாத்து வரிசையா எடுத்தோம் செல்லம்மாக்கான்னாங்க. மண்ணாங்கட்டிக்கும் எங்க வூட்டுக்கும் இன்னா சங்கதின்னு தெரியாதான்னேன். ஏன்க்கா, சொந்தமான்னு கேட்டாங்க. ஒன்பது வருஷம்தான் ஆச்சு, ஒரு ஆளுக்கும் ஞாபகம் இல்ல. இவங்க மறதிக்குத்தான் இரக்கம்னு பேர் வெச்சிருக்காங்க நிலவா.

உனக்கு நான் சொல்லித் தெரிய வேணாம், ஆனா ஊரே மறந்துட்டதால காயிதத்துலயாவது கிடக்கட்டும்னு எழுதறேன். உங்கப்பா செத்த மறு வருஷம், வாலாஜாபாத் மில்லுல மூட்டை எண்ற வேலைக்கு நீ போய் ஏழாவது மாசம். ஆறு மூட்டை குறையுதுன்னதும் மேஸ்திரியா இருந்த மண்ணாங்கட்டி அந்த வலது கையை நீட்டி உன்னைக் காட்டினான். முதலாளி பலராமன் போலீசுக்குப் போகாம தர்மம் பண்றேன்னு சொல்லி, காலி கோணியை உன் தலையில கவுத்து மில்லு வாசல்ல பொழுது சாயற வரைக்கும் உக்கார வெச்சாரு. அந்த ஞாயிறு நம்ம சர்ச்சுல உன்னை ஒரு வார்த்தை விசாரிக்காம, அண்ணாதுரை எழுந்து நின்னு, நிலவன் திருட்டுக் குத்தத்துக்காகத் திருவிருந்துல இருந்து நிறுத்தப்படுறான், இனி அவனுக்கு அப்பமும் ரசமும் கிடையாதுன்னு கணீர்னு வாசிச்சாரு. நான் பெண்கள் பக்கம் ரெண்டாவது பெஞ்சுல உக்காந்திருந்தேன். செவ்வாய்க்கிழமை நீ ரயிலேறிட்ட. உன் கல்யாணத்துக்குக்கூட நான்தான் அங்க வந்தேன், நீ இந்த மண்ணை மிதிக்கல. மிதிக்காதேன்னுதான் நானும் நினைச்சேன்.

அதனால அந்த முதல் வியாழன் நான் கஞ்சி எடுத்துக்கினு போனது இரக்கப்பட்டு இல்ல. வேடிக்கை பாக்கத்தான் போனேன். அவன் விழணும்னு ஒன்பது வருஷமா கேட்டுக்கினு இருந்தவ, விழுந்ததைப் பாக்கப் போக வேணாமா. நல்ல புடவையா எடுத்துக் கட்டிக்கினு போனேன். கதவைத் தள்ளினா அப்படி ஒரு நாத்தம், முந்தானையால மூக்கைப் பொத்திக்கினேன். செவ்வாய்க்கிழமை ரொட்டி உறை பிரிக்காம அப்படியே கிடக்குது, ஒத்தைக் கையால அதைப் பிரிக்க முடியாதுன்னு டீச்சருக்குத் தோணல. பாய் நனைஞ்சு காஞ்சு மறுபடி நனைஞ்சிருக்குது. அவன் என்னைப் பாத்தான், யாருன்னு தெரிஞ்சுக்கினான், மூஞ்சியைச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கினான். அவன்கிட்ட சொல்லணும்னு நான் சேத்து வெச்சிருந்த வார்த்தை ஒரு வண்டி இருக்கும். ஆனா அந்தப் பாயில வெச்சுக்கினு எப்படிப் பேசறது, பாயை மாத்தினேன். துடைக்காம எப்படிப் பேசறது, துடைச்சேன், நல்ல புடவையோட. கஞ்சி ஆறிடுமேன்னு அதையும் ஊட்டினேன். ரெண்டு வாய் குடிச்சுட்டு, உப்பு கம்மியா கீதுன்றான். எனக்கு வந்த எரிச்சல்ல அந்த ஒரு வண்டி வார்த்தையும் மறந்து போச்சு. வெள்ளியும் சனியும் லிஸ்டுப்படி நடந்திருக்கும், அதாவது நடந்திருக்காது. சனிக்கிழமை சாயங்காலம் போய்ப் பாத்தேன், நடக்கலதான். அதுக்கப்புறம் லிஸ்டு போர்டுல இருந்துது, நான் ரூமுல இருந்தேன். உங்கம்மா புண்ணியவதி ஆயிட்டான்னு யாராவது எழுதினா நம்பாத, பாதி நாள் அவனைத் திட்டிக்கினேதான் ஊட்டினேன். அவனும் சும்மா இல்ல, இன்னைக்கும் கஞ்சியா, ஒரு துவையல் கூடவா இல்லேன்னு கேப்பான். படுக்கையில கிடக்கிறவன் அதிகாரம் நின்னுக்கினு இருக்கிறவளுக்கு இல்ல.

மூணு வாரம் முன்னால ஒரு புதன்கிழமை, நல்ல மழை. பாதிக் கஞ்சியில வாயை இறுக்க மூடிக்கினான். போதுமான்னு கேட்டேன், தலையை ஆட்டினான், அப்புறம் சொன்னான். "செல்லம்மா, மூட்டையை எடுத்தது நாந்தான். உன் புள்ளை இல்ல." பொண்ணு கல்யாணத்துக்காக எடுத்தானாம். முதலாளி யாருடான்னு கத்தினப்ப எதிர்ல நின்ன முகம் உன் முகமாம், கை தானா அந்தப் பக்கம் நீண்டுடுச்சாம். வேற யாராவது நின்னிருந்தா வேற யாரையாவது காட்டியிருப்பான். அதைத்தான் என்னால இன்னும் முழுங்க முடியல நிலவா, உன் மேல அவனுக்கு ஒரு கோவம் கூட இல்லையாம். நான் எழுந்துட்டேன். சொம்பைத் தூக்கிக்கினு வாசப்படி தாண்டி மழையில வந்து நின்னுட்டேன். சொம்புல பாதி இருந்துது. புதன்கிழமை, என்னை விட்டா அன்னைக்கு யாரும் வர மாட்டாங்கன்னு எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். அவன் என்னைக் கூப்பிடல. கூப்பிட்டிருந்தா வூட்டுக்குப் போயிருப்பேன். எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியாது, உள்ள வந்து மீதியை ஊட்டினேன். கஞ்சி அவன் மோவாயில ஊத்துது, அவன் கண்ணுல இருந்தும் ஊத்துது, துடைக்கிறதுக்கு ஒரே துணி. அன்னைக்கு அவன் உப்பைப் பத்தி ஒண்ணும் சொல்லல.

போதகர்கிட்டயும் அவனே சொல்லிட்டான். நம்ம போதகர் இந்த வருஷம்தான் மாத்தலாகி வந்தவரு, சின்ன வயசு, நல்ல மனுஷன், ஆனா எதைக் கேட்டாலும் அதை ஒரு ஆராதனையா மாத்தாம விட மாட்டாரு. சந்தோஷமா வூட்டுக்கு ஓடி வந்தாரு. மண்ணாங்கட்டியை நாற்காலியில தூக்கிக்கினு வந்து எல்லாருக்கும் முன்னால வெக்கிறதாம், அவன் பாவ அறிக்கை பண்றதாம், உடனே உன்கிட்ட இருந்து வந்த மன்னிப்புக் கடிதத்தை வாசிக்கிறதாம், மாதர் சங்கம் எழுந்து பாடறதாம். ஸ்ரீபெரும்புதூர் போட்டோக்காரருக்குச் சொல்லி அனுப்பியாச்சாம். கடிதம் எங்கன்னு கேட்டேன். அதை நீங்கதான்மா வாங்கித் தரணும்னாரு. தபால் போய் வர நாளாகுமேன்னு மெர்சி டீச்சர் உன் மன்னிப்பை உனக்காக எழுதியே குடுத்தனுப்பிட்டாங்க, நீ பாத்து எழுதிக் கையெழுத்துப் போட்டா போதுமாம். படிச்சேன். அதுல நீ மண்ணாங்கட்டியை முழு மனசோட மன்னிக்கிற, நடந்ததுக்கெல்லாம் நன்றி வேற சொல்ற, அந்தக் கோணிக்குள்ளதான் உனக்குக் கர்த்தரோட வெளிச்சம் கிடைச்சுதாம். கோணிக்குள்ள தலையை விட்டது நீ, வெளிச்சம் பாத்தது டீச்சர். அதை இந்தக் கடுதாசியோட வெச்சு அனுப்பச் சொன்னாங்க. வெக்கல. அன்னைக்கு விறகு ஈரமா இருந்துது, அடுப்பு பிடிக்கல, அதுக்கு நல்லா உதவிச்சு.

மூணாந்தேதி ஞாயிறு, அறிவிப்பு நேரத்துல போதகர், நிலவன் தம்பியோட கடிதத்துக்காகக் காத்துக்கினு இருக்கோம், எல்லாரும் ஜெபத்துல நினைச்சுக்குங்கன்னாரு. நான் எழுந்து நின்னேன். அறிவிப்பு நேரத்துல ஒரு பொம்பளை எழுந்ததை நம்ம சர்ச் பாத்ததில்ல. "மண்ணாங்கட்டியை மன்னிக்கச் சொல்லி என் புள்ளையைக் கேக்கறீங்க. என் புள்ளைகிட்ட மன்னிப்பு கேக்க இங்க யாரு இருக்கீங்க?" அவ்வளவுதான் கேட்டேன். அண்ணாதுரை எழுந்து, அது பழைய விஷயம், கிறிஸ்தவங்க பழசைக் கிளறக் கூடாதுன்னாரு. பழசைக் கிளறக் கூடாதுன்னா மண்ணாங்கட்டியை எதுக்கு நாற்காலியில வெச்சுக் கிளறப் பாக்கறீங்கன்னேன். போதகருக்கு ஒண்ணும் புரியல, பாவம், உன்னைத் திருவிருந்துல இருந்து நிறுத்தினதை அவருக்கு யாரும் சொல்லவே இல்ல. நான் சொன்னதும் பதிவேட்டைக் கொண்டாரச் சொன்னாரு. உன் பேர் மேல செகப்பு மையில இழுத்த கோடு அப்படியே இருந்துது. ஒருத்தர் எழுந்து இதை ஆராய ஒரு கமிட்டி போடலாம்னாரு. வெளிய தள்ளறப்ப கமிட்டி கூடல, ஒரே மூச்சுல தள்ளினீங்க, உள்ள கூப்பிடறதுக்கு மட்டும் கமிட்டியான்னேன். ஆம்பளைங்க பக்கம் யாரோ சிரிச்சாங்க. யாருன்னு தெரிஞ்சா அவருக்கு ஒரு நாள் மீன் கொழம்பு வெச்சுப் போடுவேன்.

போன ஞாயிறுதான் அந்த ஆராதனை நடந்துது. போட்டோக்காரர் வரல, நான் வேணாம்னுட்டேன். மண்ணாங்கட்டியையும் தூக்கிக்கினு வர விடல. அவனை முன்னால உக்கார வெச்சு ஊரே பாத்தா அந்த நாற்காலிக்கும் உன் கோணிக்கும் இன்னா வித்தியாசம். போதகரே ரூமுக்குப் போய் அவன் சொன்னதை எழுதிக்கினு வந்து வாசிச்சாரு. அடுத்தது சபையோட மன்னிப்பு. யார் வாயால உன் பேர் வெளிய போச்சோ அந்த வாயாலதான் உள்ள வரணும்னு நான் முன்னாடியே கேட்டிருந்தேன், போதகர் சரின்னுட்டாரு. அண்ணாதுரை காயிதத்தை எடுத்தாரு. நிலவன் எந்தக் குத்தமும் செய்யல, விசாரிக்காம நிறுத்தினது சபை செஞ்ச பாவம், அவரும் அவர் குடும்பமும் எங்களை மன்னிக்கணும்னு கேட்டுக்கறோம். அன்னைக்கு ஊரதிர வாசிச்ச மனுஷன் இன்னைக்குத் தன் சட்டைப் பித்தானுக்கு வாசிச்சுக் காட்டற மாதிரி வாசிச்சாரு. காது கேக்கல அண்ணேன்னேன். மறுபடி வாசிச்சாரு, இந்தத் தரம் வாசல்ல செருப்புக்குக் காவல் நின்னவருக்கும் கேட்டிருக்கும். முடிக்கிறப்ப அவர் கழுத்தெல்லாம் வேர்வை, கண்ணாடியைக் கழட்டித் துடைக்கக்கூட கை வரல. எனக்கு ரெண்டாந்தரமும் நல்லாக் கேட்டுது, உள்ளதைச் சொன்னா முதல் தரமே கேட்டுது. மூணாந்தரம் கேக்க வாயைத் திறந்தேன். திறந்துட்டு உக்காந்துட்டேன். மண்ணாங்கட்டிக்கு ஊட்டினதெல்லாம் பெருசில்ல நிலவா, அன்னைக்கு வாயை மூடினதுதான் எனக்குப் பெரும்பாடா இருந்துது. செகப்புக் கோட்டுக்குப் பக்கத்துல போதகர் உன் பேரைப் புதுசா எழுதி, பகலவன் பேரையும் எழுதலாமான்னு கேட்டாரு. அவங்கப்பன் வந்து சொல்லட்டும்னுட்டேன்.

இப்ப மண்ணாங்கட்டி தினம் கேக்கறான், உன் புள்ளை வருவானா, வந்தா என்னை ஒரு தரம் பாப்பானான்னு. எழுதறேன்னு மட்டும் சொன்னேன், எழுதிட்டேன். அதுக்கு மேல என் வேலை இல்ல. கஞ்சி என்னுது, அவன் இருக்கற வரைக்கும் ஊட்டுவேன், இன்னைக்கும் ஊட்டிட்டு வந்துதான் எழுதறேன். மன்னிப்பு உன்னுது. அதை அம்மான்ற உரிமையில நான் எடுத்துக் குடுக்க முடியாது, போதகர் கேட்டு வாங்க முடியாது, டீச்சர் நல்ல எழுத்துல எழுதியும் குடுக்க முடியாது. உனக்கு வந்தா குடு. வரலேன்னா வந்த மாதிரி நடிக்காத, அந்த மாதிரி மன்னிப்பு இங்க ஏற்கெனவே பதினோரு டிபன் கேரியர் இருக்குது. ஆனா கிறிஸ்மஸுக்கு வா. போன பேர் திரும்பிடுச்சு, பேருக்குச் சொந்தக்காரனும் வரலாம்.

பையனுக்கு ரயில்ல காதை மூடி ஒரு தொப்பி போடச் சொல்லு. மே மாசம் ஸ்ரீபெரும்புதூர்ல குண்டு வெடிச்சதுக்கு அப்புறம் இந்தப் பக்கம் போலீஸ் பஸ்ஸை நிறுத்தி மூட்டையைப் பிரிச்சுப் பாக்கறாங்க, கோவப்படாம காட்டு. மருமக புளி சேக்காம சமைக்கிறதா எழுதியிருந்த, புளி எடுத்து வெச்சிருக்கேன். கர்த்தர் உன் வேலையையும் உன் வூட்டையும் காத்து, உன் கையால செய்யற எதையும் வாய்க்கப் பண்ணணும். ஞாபகமா ஒண்ணு. கூட்ரோட்ல பஸ் இறங்கினா சர்ச் வழியாத்தான் வரணும்னு இல்ல, ஏரிக்கரை மேல ஒரு வழி இருக்குது, அவன் இருக்கிற ரூம் அதுல இருந்து தெரியாது. நேத்து நான் அதுல நடந்து பாத்தேன். ஏரித் தண்ணி வழியற கலங்கல்கிட்ட முழங்கால் தண்ணி ஓடுது, நீ வரதுக்குள்ள வடிஞ்சிடும். கால் மணி நேரம் கூட ஆகும், பையனைத் தோள்ல தூக்கிக்கோ. எந்த வழியா வந்தேன்னு நான் கேக்க மாட்டேன்.

உன் வரவைப் பாத்துக்கினு இருக்கிற
அம்மா
செல்லம்மாள்